எழுபது லட்சத்தில் ஒன்று: நெம்புகோல் ரைஃபிளின் விலைக்கு ஒரு வரலாறு

2014 நவம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் கள ஆய்வு செய்துகொண்டிருந்த தொல்லியலாளர்கள், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ரைஃபிளைக் கண்டார்கள். வெயிலிலும் பனியிலும் கிடந்து அதன் கட்டை, மரத்தின் பட்டையைப் போலவே வெளுத்து வெடித்திருந்தது. அடிப்பாகம் சில அங்குலம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. குழல் துருவேறியிருந்தாலும் ‘மாடல் 1873’ என்ற பொறிப்பையும் வரிசை எண்ணையும் படிக்க முடிந்தது. வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டபோது 1882இல் செய்யப்பட்டது என்று தெரிந்தது. யாருக்கு விற்கப்பட்டது, எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்பவற்றைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த மாடல் 1873இல் சந்தைக்கு வந்தபோது ஏறத்தாழ 50 டாலர். 1882இல் அது 25 டாலராகக் குறைந்திருந்தது. மாடு மேய்க்கும் கூலியாள் ஒருவர் அக்காலத்தில் மாதத்துக்கு 25 முதல் 40 டாலர்வரை பெற்றார். ஆக, ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு மதிப்புள்ள, ஆனால் மரத்தடியில் மறந்துவிட்டுப் போகக்கூடிய ஒரு பொருள் அது. விலைக் குறியீடுகளைக் கொண்டு கணக்கிட்டால் அந்த 25 டாலர் இன்றைக்குச் சுமார் 800 டாலர். அதே மாடலில் சுமாரான நிலையிலுள்ள ஒரு ரைஃபிள் இன்று அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் துப்பாக்கிக் கண்காட்சிக்கு வந்தால், அதில் தொங்கும் அட்டையில் அந்தத் தொகையைப் போலப் பல மடங்கு எழுதியிருக்கும். நூறாண்டுக்கும் மேலாகப் பழசாகிக்கொண்டே வந்த ஒரு கருவி, புதிதாக இருந்தபோது இருந்ததைவிட விலையேறியது எவ்வாறு என்பது வெறும் வாங்கல் விற்றல் பற்றிய கேள்வி அன்று. அந்த விலையட்டையில் ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அது எந்த வரலாறு, யாருடைய வரலாறு என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

இந்திய வாசகருக்குத் துப்பாக்கிக் கண்காட்சி என்பதே சற்று விளங்காத ஏற்பாடு. வார இறுதியில், மாவட்டப் பொருட்காட்சித் திடலின் கொட்டகையிலோ நகர மன்றத்திலோ, நீள மேசைகளை வாடகைக்கு விடுவார்கள். உரிமம் பெற்ற வணிகர்களும், தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து சிலவற்றைக் கொண்டுவரும் தனியாட்களும் அருகருகே அமர்ந்திருப்பார்கள். நுழைவுக் கட்டணம் செலுத்தி எவரும் உள்ளே போகலாம். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் ஆண்டுக்கு இருமுறை நடப்பது இவற்றுள் மிகப் பெரியது. அங்கே 4,000க்கும் மேற்பட்ட மேசைகள். ஆனால் பெரும்பாலானவை ஐம்பது, நூறு மேசைகளோடு முடிந்துவிடும் உள்ளூர்க் கூட்டங்கள்தாம். அங்கே ஒரு மூலையிலாவது பழைய வின்செஸ்டர்களும் மார்லின்களும் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கும். அவற்றைச் சுற்றி எப்போதும் ஒரே பேச்சு: இந்த விலைக்கு இதை யார் வாங்குவார்?

அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறதா என்று அறியக் கருவியின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். விசைக்குக் கீழே வளையம் போன்ற ஒரு நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே எறியப்படும். மேலே இழுத்தால் குழலுக்கடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறி அறைக்குள் அமரும். 1840களின் இறுதியில் வால்டர் ஹண்ட் என்பவர் இதன் முதல் வடிவத்துக்கு உரிமம் பெற்றார். லூயிஸ் ஜென்னிங்ஸ் அதைத் திருத்தினார். பின்னாளில் கைத்துப்பாக்கிகளால் பெயர்பெற்ற ஸ்மித்தும் வெஸ்ஸனும் அதை எடுத்துக்கொண்டு நிறுவனம் தொடங்கினர். அந்த நிறுவனத்தில் பணம் போட்டவர்களுள் ஒருவர் நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்றுவந்த ஆலிவர் வின்செஸ்டர். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான பொருள்களைச் செய்து தூரத்துச் சந்தைகளுக்கு அனுப்பும் தொழில் தெரியும். வரலாற்றில் இது சிறிய செய்தி அன்று. அவரிடம் பணியாற்றிய பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் உரிமம் பெற்ற ரைஃபிள், அடுத்து மாடல் 1866, அதையடுத்து மாடல் 1873 என்று வந்த தொடரில் ஹென்றி ரைஃபிள் ஏறத்தாழ 14,000தான் செய்யப்பட்டது. மாடல் 1873 ஏழு லட்சத்துக்கும் மேல். கைவினைப் பொருளின் எண்ணிக்கை அன்று இது. சட்டைத் தொழிற்சாலையின் எண்ணிக்கை.

இந்த உற்பத்தியை விழுங்கும் அளவுக்கு மேற்குப் புல்வெளிகளில் அப்போது வாங்குவோர் இல்லை. நிறுவனத்தைத் தொடக்க ஆண்டுகளில் தாங்கிப் பிடித்தவை வெளிநாட்டு அரசுகளின் கொள்முதல்கள். 1870–71இல் உதுமானியப் பேரரசு ஏறத்தாழ 50,000 மாடல் 1866 துப்பாக்கிகளை வாங்கியது. 1877இல் பல்கேரியாவின் பிளெவ்னா முற்றுகையில் ரஷ்யக் காலாட்படை அவற்றின் முன்னால்தான் சரிந்தது. ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்று இன்று அறியப்படும் குடும்பத்தின் பெரும் போர்க்களம் ஒன்று டான்யூப் ஆற்றின் பக்கம் இருந்தது என்பது கண்காட்சி மேசைகளில் சொல்லப்படுவதில்லை. சொன்னால் விலை ஏறாது.

மேற்கிலேயேகூட அந்த ரைஃபிளை யார் ஏந்தியிருந்தார் என்ற கேள்விக்குத் தொல்லியல் தந்த விடை வேறு. 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் நேரடித் தலைமையிலிருந்த ஏழாம் குதிரைப்படைப் பிரிவு முற்றாக அழிந்தது. 1983இல் ஒரு புல் தீ அந்தக் களத்தை வெறுமையாக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அகழாய்வாளர்கள் உலோகம் காட்டும் கருவிகளோடு அங்குலம் அங்குலமாகத் தேடினர். கிடைத்த தோட்டாக் கூடுகளில் சுடும் ஊசி பதித்த தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கு நகர்ந்தது என்று வரைந்தனர். படைவீரர்களின் கையில் இருந்தவை ஒருமுறை ஒரு தோட்டா மட்டும் ஏற்றக்கூடிய ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்கள். ஹென்றியும் மாடல் 1866உம் 1873உம் லகோட்டா, ஷையென் வீரர்களின் பக்கமிருந்து சுட்டன. அந்நாளில் அந்த ரைஃபிள் எதையாவது வென்றது என்றால், மேற்கைக் கைப்பற்ற வந்தவர்களைத்தான் வென்றது.

‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்ற தொடர் 1870களில் பிறந்ததன்று. அது 1919இல் நிறுவனத்தின் விளம்பரத்துக்காக உருவானது. முதல் உலகப்போர்க்கால ஒப்பந்தங்களை நம்பி விரிவாக்கிய தொழிற்சாலை, போர் முடிந்ததும் வேலையின்றி நின்றது. எல்லைப்புறம் என்று ஒன்று இல்லாமல்போய் ஒரு தலைமுறை கடந்திருந்தது. மாடல் 1873இன் உற்பத்தியே முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. இனிக் கருவியாக விற்க முடியாததை நினைவாக விற்கும் முயற்சி அங்கே தொடங்கியது என்று சொல்லலாம். அது நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 1931இல் திவாலாகி, ஒரு தோட்டாத் தயாரிப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. தொடர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அதற்கு உடலும் முகமும் கொடுத்தது திரைப்படம். 1870களின் நடுவில் வின்செஸ்டர் ஒரு திட்டம் வைத்திருந்தது. சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தனியே பொறுக்கி, அழகுசெய்து, ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து 100 டாலருக்கு விற்றது. வாங்கியவர் சிலரே. மாடல் 1873இல் 130 சொச்சம் மட்டுமே அவ்வாறு செய்யப்பட்டன. மற்றவை எல்லாம் மட்டம் என்று நிறுவனமே ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும் அந்த விளம்பரம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1950இல் ஆண்டனி மான் இயக்கத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் ’73’ படம் அப்படிப்பட்ட ஒரு ரைஃபிள் கைமாறிச் செல்வதையே கதையாக்கியது. படத்தை வெளியிட்ட யுனிவர்சல் நிறுவனம், எஞ்சியிருக்கும் ‘ஆயிரத்தில் ஒன்று’ ரைஃபிள்களைத் தேடி ஒரு போட்டியும் அறிவித்தது. பரணிலும் கொட்டிலிலும் கிடந்தவற்றை மக்கள் இறக்கிப் பார்த்தார்கள். வீட்டிலுள்ள பழைய துப்பாக்கி ஒரு செல்வமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் பெருந்திரளான குடும்பங்களுக்குள் நுழைந்த கணம் அது. இன்று கண்காட்சி மேசையில், சாதாரணமான ஒரு வின்செஸ்டருக்குப் பின்னால் அமர்ந்து விலையைக் குறைக்க மறுப்பவர் அந்த எண்ணத்தின் வாரிசு.

திரைப்படங்களில் மற்றொரு வேடிக்கையும் நடந்தது. 1870, 80களில் நடப்பதாகச் சொல்லப்படும் கதைகளில் நாயகர்கள் ஏந்துவது பெரும்பாலும் ஜான் பிரௌனிங் பின்னர் வடிவமைத்த மாடல் 1892. 1939இல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஜான் வெய்ன் சுழற்றும் பெரிய வளையமுள்ள ரைஃபிளும் அதுவே. படக் கிடங்குகளில் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தது அதுதான். மலிவாகக் கிடைத்ததால் திரையில் வந்தது. திரையில் வந்ததால் பின்னர் மலிவாகக் கிடைக்காமல் போனது.

இப்போது உள்ளூர்க் கண்காட்சியின் உண்மையான நாயகனுக்கு வரலாம். அது மாடல் 1873 அன்று, மாடல் 1894. புகையில்லா வெடிமருந்து நிரப்பிய .30-30 தோட்டாவுக்காக 1895 முதல் விற்கப்பட்ட இந்த ரைஃபிள், மான் வேட்டைக்காரர்களின் அன்றாடக் கருவி. கடைகளிலும், சியர்ஸ் போன்ற பெருவணிக நிறுவனங்களின் பெயர் பொறித்தும் விற்றது. 2006வரை எழுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இத்தனை எண்ணிக்கையில் உள்ள ஒரு பொருளை ‘அரிது’ என்று அட்டையில் எழுதுவது எவ்வாறு சாத்தியமாயிற்று?

ஒரு விடை 1964. அவ்வாண்டு நிறுவனம் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றியது. கடைந்தெடுத்த எஃகு உறுப்புகள் சிலவற்றின் இடத்தில் தகட்டில் அடித்தெடுத்த உறுப்புகள் வந்தன. பழைய நீலப் பூச்சு புதிய உலோகத்தில் முன்போல ஏறவில்லை. நெம்புகோலைத் தள்ளினால் ஒரு கலகலப்பு. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். அன்றிலிருந்து ‘1964க்கு முந்தியது’ என்பது ஒரு தர முத்திரையாகிவிட்டது. அதற்கு ஓராண்டு முன்புவரை அதே ரைஃபிள் கடையில் வெறும் ரைஃபிளாகத்தான் இருந்தது. முந்தைய பொருளை மேன்மைப்படுத்தியது அதன் சொந்தக் குணம் அன்று, பிந்தைய பொருளின் குறை. மார்லினுக்கும் இதே விதி அரை நூற்றாண்டு கழித்து நேர்ந்தது. 2000களின் இறுதியில் உரிமையாளர் மாறி, பழைய தொழிற்சாலை மூடப்பட்டதும், குழலில் ‘ஜே.எம்.’ என்ற சிறு முத்திரை உள்ளவற்றுக்கு மட்டும் விலை ஏறியது. மேசைக்கு வருபவர்கள் இன்றும் முதலில் அந்த இரண்டு எழுத்தைத்தான் தேடுகிறார்கள்.

இரண்டாவது விடை சட்டத்தில் இருக்கிறது. அதுவே இந்த வரலாற்றில் மிகவும் சிந்திக்க வைக்கும் பகுதி. 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற ரைஃபிள் அஞ்சலில் வாங்கப்பட்டது. நெடிய விவாதத்துக்குப் பின் 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாநிலங்களுக்கிடையே அஞ்சல்வழி விற்பனையைத் தடுத்தது. ஆனால் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைத் ‘தொல்பொருள்’ என்று வகுத்து, கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் அவை சுடுகருவிகளே அல்ல என்று விலக்கியது. ஆக 1898 டிசம்பரில் நியூ ஹேவனிலிருந்து வெளிவந்த ஒரு மாடல் 1894, இன்றைய .30-30 தோட்டாவைச் செவ்வனே சுட்டாலும் அச்சட்டப்படி தொல்பொருள். அடுத்த மாதம் அதே பட்டறையில் பிறந்த அதன் தம்பி துப்பாக்கி. முன்னதை வணிகர் பதிவேடின்றி வீட்டுக்கு அனுப்பலாம். பின்னதற்கு உரிமம் பெற்ற வணிகர் படிவமும் பின்னணிச் சரிபார்ப்பும் கோர வேண்டும். சில மாநிலச் சட்டங்கள் இந்தச் சலுகையைக் குறுக்கினாலும், வரிசை எண் எந்த ஆண்டுக்குள் விழுகிறது என்பதே விலையின் ஒரு பகுதியாகிவிட்டது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவும் பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. ஆனால் அவை பழுதுபார்த்தாலும் சுட இயலாதவையாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு நாடு ஆயுதத்தின் திறனைக் கேட்டது, மற்றொன்று பிறந்த தேதியைக் கேட்டது. தேதியைக் கேட்ட நாட்டில் தேதிக்கென ஒரு சந்தை முளைத்தது வியப்பன்று.

அப்படியொரு சந்தை இருக்கிறது என்பதை நிறுவனமே கவனிக்காமலில்லை. 1960களிலிருந்து வின்செஸ்டர் ‘நினைவு’ ரைஃபிள்களை வெளியிடத் தொடங்கியது. பொன்னிறப் பூச்சு, பதக்கம், அலங்காரப் பெட்டி. 1966இல் வந்த நூற்றாண்டு மாடல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. 1981இல் ஜான் வெய்ன் நினைவாக ஒன்று வந்தது. வாங்கியவர்கள் ஒருமுறைகூடச் சுடாமல், பெட்டியைக்கூடப் பிரிக்காமல், பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று பூட்டி வைத்தார்கள். எல்லாரும் அவ்வாறே செய்ததால் எல்லாம் புத்தம்புதிதாகவே எஞ்சின. அரிதாகும் வாய்ப்பு அவற்றுக்குக் கிடைக்கவே இல்லை. கண்காட்சிகளில் பெரிய விலையட்டையோடு ஒவ்வோர் ஆண்டும் வந்து ஒவ்வோர் ஆண்டும் திரும்பிப் போகும் பொருள்களுள் இவை முதன்மையானவை. வேட்டையில் அடிபட்டு, மழையில் நனைந்து, கட்டை உடைந்து ஆணியடித்து வாழ்ந்த சோதரர்களின் விலையை இவை பெரும்பாலும் எட்டவில்லை.

மேசையில் எழுதிய விலை வேறு, பணம் கைமாறும் விலை வேறு. மதிப்புக் கையேடுகள் எஞ்சியிருக்கும் பூச்சின் சதவீதத்தைக் கொண்டு விலை சொல்கின்றன. ஆனால் தன் ரைஃபிளில் பூச்சு அறுபது விழுக்காடே இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் உரிமையாளர் அரிது. தனியாள் விற்பனையாளருக்கு மாத முடிவில் கடை வாடகை இல்லை. விற்காவிட்டால் திரும்ப எடுத்துப் போவார்; பல பேருக்கு மேசை என்பது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுத்துணைக்கான வாடகைதான். இதற்கிடையில் ஏலச் செய்திகள் வந்து சேர்கின்றன. ஜெரோனிமோவைச் சரணடையச் செய்த அணிவகுப்பில் இருந்த கேப்டன் லாட்டனுக்குப் பரிசளிக்கப்பட்ட, வரிசை எண் 1 கொண்ட மாடல் 1886, 2016இல் பன்னிரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தச் செய்தி எல்லா மாடல் 1886களின் உரிமையாளர்களையும் எட்டியது. அந்த விலை ஒரு மனிதரின் ஆவணப்படுத்தப்பட்ட வாழ்வுக்கும், ஓர் அபாச்சி தலைவரின் தோல்விக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்பது செய்தியின் கீழ்வரிகளில் தங்கிவிட்டது.

இந்த மிகைவிலை ஆய்வாளருக்குக் கவலை தருவது வேறொரு காரணத்தால். விலை, சான்றைத் தின்கிறது. பழைய ரைஃபிளுக்கு மீண்டும் நீலமேற்றி மெருகிட்டால் சேகரிப்பாளர் சந்தையில் மதிப்பு வீழ்ந்துவிடும் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். அதனால் இப்போது எதிர்த்திசையில் வேலை நடக்கிறது. புதிய பூச்சுக்கு அமிலத்தால் பழமை ஏற்றப்படுகிறது. பழங்குடியினர் கட்டையில் பித்தளை ஆணிகளால் அழகுசெய்த ரைஃபிள்களுக்கு விலை கூடியதும், எந்தப் பழங்குடியின் கையும் படாத கட்டைகளில் பித்தளை ஆணிகள் முளைத்தன. கோடி அருங்காட்சியகத்திடம் கட்டணம் செலுத்தினால் தொழிற்சாலைப் பதிவின்படி ஒரு கடிதம் தருவார்கள்: குழலின் வடிவம், விசையின் வகை, கிடங்கிலிருந்து வெளியேறிய நாள். போலிக்கு எதிரான சிறந்த காப்பு அதுவே. ஆனால் அந்தப் பதிவு தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய ஐம்பது, நூறு ஆண்டுகளின் கதையை விற்பவரின் வாய்தான் சொல்கிறது. அந்தக் கதையில் மாடு திருடர்களும் மாவட்டக் காவல் தலைவர்களும் வருவார்கள். மான் சுட்டுக் குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவந்த மரம்வெட்டியோ, ஓநாயை விரட்டிய ஆட்டு மேய்ப்பரோ வருவதில்லை. எழுபது லட்சத்தில் பெரும்பாலானவை அவர்கள் கையில்தான் இருந்தன.

2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது. மூடும் அறிவிப்பு வந்த சில வாரங்களில் கடைகளிலிருந்த கடைசி மாடல் 94கள் விலையேறி மறைந்தன. இப்போது வின்செஸ்டர் பெயரில் வரும் நெம்புகோல் ரைஃபிள்கள் ஜப்பானில் செய்யப்படுகின்றன. இத்தாலியிலும் பிரேசிலிலும் பழைய மாடல்களின் நகல்கள் உருவாகின்றன. வேலைப்பாட்டில் அவற்றுள் சில மூலத்தைவிட நேர்த்தி. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்கர்கள் இதுவரை இல்லாத அளவில் துப்பாக்கி வாங்கியபோது .30-30 தோட்டாவே கிடைக்காமல் போனது. சுட முடியாத ரைஃபிளின் விலை அப்போதும் இறங்கவில்லை.

நெவாடாவில் கிடைத்த ரைஃபிளை நிபுணர்கள் மெருகேற்றவில்லை. உரிந்துகொண்டிருந்த மரச் சிம்புகளை மட்டும் பசையிட்டு நிறுத்தினார்கள். கோடி நகர மருத்துவமனை ஒன்றில் ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது அறையில் தோட்டா இல்லை என்று உறுதியானது; ஆனால் கட்டையின் அடியிலுள்ள சிறு பொந்துக்குள் ஒரு தோட்டா கிடந்தது. 1887க்கும் 1911க்கும் இடையில் செய்யப்பட்டது. ஆகவே அந்த மரத்தடியில் அதைச் சாய்த்தவர், 1887க்கு முன் அங்கே வந்திருக்க முடியாது. அவரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே. ரைஃபிள் பூங்காவுக்கே திரும்பியது. கூட்டாட்சி அரசின் சொத்து என்பதால் அதற்கு விலையட்டை இல்லை.